பெட்டிக்கடை வங்கியான கதை

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்கள் என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். நம்ம குழுக்கள் வளர்ந்த வரலாற்றை என்னைவிட மூத்த அக்காமார் நன்றாக எழுதுவார்கள். நான் கடல் தாண்டி இருக்கிற கென்யா நாட்டு வரலாறு ஒன்றை எழுதுகிறேன். ராஜா ராணி கதை இல்லை. செல்போன் வழியாகப் பணம் போகிற ஏற்பாடு அங்கே எப்படி வந்தது என்கிற கதை. அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த ஏற்பாட்டை முதன்முதலில் யாருக்காக யோசித்தார்கள் தெரியுமா? நம்மைப் போலக் குழுவாக உட்கார்ந்து கடன் வாங்கித் தவணை கட்டுகிறவர்களுக்காக.

போன வருஷம் நடந்த ஒரு பயிற்சியில் பயிற்சி கொடுத்த மேடம் இதைப் பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு மனசு அதிலேயே நின்றுவிட்டது. நான் பத்தாவதுதான். என் மகள் போனில் தேடித் தேடிப் படித்துச் சொல்ல, நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

கென்யா ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. தலைநகர் நைரோபி. ஆம்பளைகள் நைரோபியிலும் மற்ற டவுன்களிலும் வேலை பார்ப்பார்கள். பொண்டாட்டி பிள்ளைகள், வயசான பெற்றோர் கிராமத்தில். நம்ம ஊரில் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிற மாதிரிதான். சம்பளப் பணத்தை வீட்டுக்கு எப்படி அனுப்புவது? கிராமத்துப் பக்கம் வங்கிக் கிளையைத் தேடிப் பார்க்கவேண்டும். கணக்கு வைத்திருந்தவர்களே குறைவு. ஊருக்குப் போகிற சொந்தக்காரர் கையில் கொடுத்து விடுவார்கள். பஸ் டிரைவரிடம் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். வழியில் திருட்டுப் போனால் போனதுதான். தபாலாபீஸ் மணியார்டரும் இருந்தது, ஆனால் போய் நின்றால் கொடுக்க அங்கே ரொக்கம் இருக்க வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் செல்போன் வந்தது. நமக்கு ஞாபகம் இருக்கும், அப்போதெல்லாம் டாப்அப் கார்டு வாங்கி, காசால் சுரண்டி, உள்ளே இருக்கிற நம்பரைப் போட்டால் பணம் ஏறும். ஆப்பிரிக்காவிலும் அதே கார்டுதான். சனங்கள் அதில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். டவுனில் இருக்கிறவன் கார்டு வாங்குவான், சுரண்டுவான், தன் போனில் ஏற்ற மாட்டான். நம்பரை ஊரில் இருக்கிற கடைக்காரருக்குச் சொல்லுவான். கடைக்காரர் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, தன் கூலியைக் கழித்துக்கொண்டு, மீதியை அவன் அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். பேசுகிற பாக்கி காசாகவே மாறிவிட்டது. 2002ஆம் ஆண்டுவாக்கில் உகாண்டா, கானா, போட்ஸ்வானா நாடுகளில் ஆய்வுக்குப் போனவர்கள் இதைக் கவனித்து எழுதி வைத்தார்கள். எந்த வங்கியும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தக் கம்பெனியும் திட்டம் போடவில்லை. அவசரத்துக்குச் சனங்கள் தாங்களே செய்துகொண்டது. என்னைக் கேட்டால் இந்த வரலாறு ஆரம்பிக்கிற இடம் இதுதான். பிற்பாடு கோட்டு சூட்டு போட்டவர்கள் வந்து செய்தது எல்லாம் இதுக்கு மேலே கட்டினது.

பிரிட்டன் அரசாங்கத்தில் ஏழை நாடுகளுக்கு உதவி செய்கிற துறை ஒன்று இருந்தது. ஏழைகளுக்கு வங்கிச் சேவை போய்ச்சேர புது வழி சொல்லும் கம்பெனிகளுக்குப் பணம் தருகிறோம், அதே அளவு பணத்தை நீங்களும் போட வேண்டும் என்று அந்தத் துறை அறிவித்தது. வோடபோன் கம்பெனியில் வேலை பார்த்த நிக் ஹியூஸ் என்பவர் விண்ணப்பம் போட்டார். கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டு கிடைத்தது, கம்பெனியும் அந்த அளவு போட்டது. கென்யாவில் போய் இருந்து வேலையை நடத்தியவர் சூசி லோனி என்ற பெண். வோடபோனுக்குப் பங்கு இருந்த சஃபாரிகாம் என்ற கென்ய போன் கம்பெனிதான் களத்தில் இறங்கியது.

அவர்கள் முதலில் போட்ட கணக்கு என்னவென்றால், நுண்கடன் வாங்குகிற குழுக்கள் கடனை வாங்கவும் தவணை கட்டவும் போனைப் பயன்படுத்தட்டும் என்பது. ஃபவுலு கென்யா என்ற நுண்கடன் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் குழு நம்ம குழு மாதிரிதான் நடக்கும். குறித்த நாளில் கூடுவார்கள், ஆளுக்கு ஆள் தவணை கொண்டு வருவார்கள், எண்ணி எழுதுவார்கள், ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. சேர்ந்த பணத்தை யாராவது வங்கிக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். மடியில் மொத்தப் பணத்தையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறபோது வயிற்றில் புளி கரைக்குமே, அது கென்யாவிலும் அப்படித்தான்.

2005 அக்டோபரில் சோதனை ஆரம்பித்தது. நைரோபியில் கடைத்தெருப் பக்கம் ஓர் இடம், மதாரே என்ற குடிசைப் பகுதி, நைரோபியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிற தீக்கா டவுன், ஆக மூன்று இடங்கள். விரல் விட்டு எண்ணுகிற அளவு கடைகள், ஐந்நூறு பேருக்குள் உறுப்பினர்கள். போனையும் கையில் கொடுத்தார்கள். கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்தால் போனில் பணம் ஏறும், அதை ஃபவுலுவுக்கு அனுப்பினால் தவணை கட்டினதாகிவிடும்.

சகோதரிகளே, இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். தவணை கட்டுங்கள் என்று கொடுத்தால் சனங்கள் வேறு என்னென்னவோ செய்தார்கள். ஒருத்தி தவணையை இன்னொருத்தி கட்டினாள், பிறகு அவர்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். ஊரில் இருக்கிற சொந்தத்துக்குப் போன் பேலன்ஸ் வாங்கி அனுப்பினார்கள். கடை வைத்திருந்தவர்கள் சாயங்காலம் கல்லாப் பணத்தைப் போனில் போட்டுவிட்டு, காலையில் எடுத்துக்கொண்டார்கள். திருடன் வந்தால் கல்லா காலி. இன்னும் சிலர் வெளியூர் கிளம்பும்போது இந்த ஊரில் போட்டுவிட்டுப் போய், இறங்கின ஊரில் எடுத்தார்கள். வழிப்பறிக்காரனுக்குச் சட்டைப்பையில் ஒன்றும் கிடைக்காது.

தவணை கட்டுகிற விஷயம் மட்டும் சிக்கலாகவே இருந்தது. ஃபவுலுவின் கணக்கு வேறு முறையில் இருந்தது. போன் வழியாக வந்த தொகை யாருடையது, எந்தக் குழு, எந்த வாரம் என்று பார்த்துப் பார்த்துத் தங்கள் கணக்கில் ஏற்றுவதற்கே தனி வேலை ஆனது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் வந்தது. எங்கிருந்தும் எப்போதும் தவணை கட்டலாம் என்றால், குறித்த நாளில் எல்லாரும் கூடுவது எதுக்கு? ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறதால்தானே பணம் ஒழுங்காக வருகிறது. அந்தப் பிடி தளர்ந்துபோகும் என்று நுண்கடன் பக்கத்தில் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இதைப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

2006இல் சோதனை முடிந்தது. இங்கேதான் அவர்களைப் பாராட்டணும். நாங்கள் நினைத்ததைத்தான் செய்வோம் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. தவணை கட்டுகிற திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, சனங்கள் தாங்களாகச் செய்து காட்டினதையே பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற ஒரே விளம்பரத்தோடு 2007 மார்ச் 6ஆம் தேதி நாடு முழுக்கத் திறந்தார்கள். பெயர் எம்-பெசா. எம் என்றால் மொபைல். பெசா என்றால் அவர்களுடைய சுவாஹிலி மொழியில் பணம். அந்தச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம பைசாதான். 1920 வரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்திய ரூபாய் புழங்கியிருக்கிறது. இங்கேயிருந்து கப்பலேறிப் போன பைசா இன்றைக்கும் அவர்கள் வாயில் இருக்கிறது.

அந்த வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். இத்தனைக்கும் பெரிய போன் எதுவும் வேண்டாம். நம்ம அப்பா காலத்து பட்டன் போன் போதும். இண்டர்நெட் வேண்டாம். சிம் கார்டுக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். பணம் அனுப்ப, பணம் எடுக்க என்று வரும். நம்பரைப் போட்டு, தொகையைப் போட்டு, ரகசிய எண்ணைப் போட்டால் குறுஞ்செய்தி மாதிரி போய்விடும். அனுப்பினவருக்கும் செய்தி வரும், வாங்கினவருக்கும் செய்தி வரும். அந்தச் செய்திதான் பாஸ்புக். வங்கிக் கணக்கு இல்லாதவர்களும் அடையாள அட்டையைக் காட்டிச் சேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் சிம் கார்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கடையைப் பற்றிப் பேசுகிறதில்லை. நிஜமான வங்கி அந்தக் கடைதான். போன் கார்டு விற்கிற கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை, பெட்ரோல் பங்க் என்று ஏற்கெனவே இருந்த கடைகளை முகவர்களாக ஆக்கினார்கள். அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நம்ம உள்கடன் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஒரு கடைக்கார அம்மா முதலில் தன் சொந்தப் பணம், உதாரணத்துக்கு 20,000 ஷில்லிங் போட்டு, அதே அளவுக்குப் போன் பணம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கல்லாவில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். நான் போய் 500 ஷில்லிங் நோட்டாகக் கொடுத்தால், அவர் போனிலிருந்து 500 குறைந்து என் போனில் 500 ஏறும். அவர் கல்லாவில் 500 கூடும். நான் எடுக்க வந்தால் இதுவே தலைகீழ். ஆக, புதுசாகப் பணம் எதுவும் முளைக்கிறதில்லை. அவருடைய கல்லாவும் போனும் தராசின் இரண்டு தட்டு மாதிரி. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். இரண்டு தட்டிலும் இருப்பதைக் கூட்டினால் அவர் முதலில் போட்ட முதல் எப்போதும் அங்கேயே இருக்கும். அவருக்கு ஒவ்வொரு வரவு செலவுக்கும் கமிஷன் உண்டு. பணம் போடுகிறவருக்குக் கட்டணம் கிடையாது. அனுப்பவும் எடுக்கவும்தான் கட்டணம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கு. டவுன் கடையில் எல்லாரும் பணம் போடத்தான் வருவார்கள், கிராமத்துக் கடையில் எல்லாரும் எடுக்கத்தான் வருவார்கள். அதனால் டவுனில் கல்லா நிரம்பி, போன் காலியாகிவிடும். கிராமத்தில் போன் நிரம்பி, கல்லா காலியாகிவிடும். கல்லா காலியானால் கிராமத்து அம்மா வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாம் முறை யார் வருவார்கள்? அதனால் ரொக்கத்தை இங்கேயிருந்து அங்கே கொண்டுபோய்ச் சரிக்கட்டுகிற வேலைதான் இந்த ஏற்பாட்டின் உயிர். பல கடைகளைச் சேர்த்து நடத்துகிற பெரிய முகவர்கள் அதைச் செய்தார்கள், பிற்பாடு வங்கிகளும் செய்தன. கிராமத்து முகவர் தானே பஸ் ஏறிப்போய் வங்கியிலிருந்து ரொக்கம் கொண்டுவருவதும் உண்டு. பார்த்தீர்களா, போனில் பணம் பறக்குது என்கிறோம், அதுக்கு அடியில் ஒருத்தர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

போன் கம்பெனி பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால்? இந்தக் கேள்வியைக் கென்ய மத்திய வங்கியும் கேட்டது. அதுக்காகத்தான் சனங்கள் போட்ட பணம் முழுவதையும் தனி அறக்கட்டளைக் கணக்காக ஒரு வங்கியில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். போன் கம்பெனி அதைத் தொடக்கூடாது, கடனாகக் கொடுக்கவும் கூடாது. சட்டத்தில் இதுக்கென்று அப்போது பிரிவு எதுவும் இல்லாதபோதும், ஆட்சேபணை இல்லை என்று மத்திய வங்கி கடிதம் கொடுத்தது. 2008 டிசம்பரில் நிதியமைச்சரின் உத்தரவின் பேரில் எம்-பெசாவைத் தணிக்கை செய்தார்கள். போட்டியைக் கண்டு வங்கிகள்தான் தூண்டிவிட்டன என்று அப்போதே பேச்சு. தணிக்கையில் குறை எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே சனங்கள் தங்கள் தணிக்கையை முடித்துவிட்டார்கள். 2007 டிசம்பர் 27 அன்று கென்யாவில் தேர்தல். முடிவு வந்ததும் கலவரம். ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், லட்சக்கணக்கில் வீடிழந்தார்கள். கடை இல்லை, பஸ் இல்லை, வங்கி இல்லை. குடிசைப் பகுதிகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் போனிலேயே பணமும் பேலன்ஸும் அனுப்பினார்கள். வெளியே போக முடியாத நேரத்தில் வந்த காசு அது. அதுக்குப் பிறகு சனங்களுக்கு எம்-பெசா மேல் நம்பிக்கை கூடியது.

பெண்களுக்கு என்ன ஆனது என்று தேடிப் படித்தேன். நைரோபியில் கிபேரா என்ற குடிசைப் பகுதியிலும், மேற்கே புகுரா என்ற ஊரிலும் ஆரம்ப வருஷங்களில் தங்கி ஆய்வு செய்த ஒரு பெண்ணின் எழுத்து கிடைத்தது. ஊரில் இருக்கிற மனைவிமார், போன் போட்டுக் கேட்டால் கணவர் உடனே அனுப்புகிறார், முன்பு மாதிரி மாசக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிறுகச் சிறுக வந்ததால் மொத்தத்தில் கூடுதலாகவும் வந்திருக்கிறது. சிலர் கணவருக்குத் தெரியாமல் போனில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அஞ்சறைப்பெட்டிக்கு ரகசிய எண் வந்த மாதிரி! அதே பெண்கள் ஒரு குறையும் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் பணம் கொடுக்கவாவது மனுசன் ஊருக்கு வருவார். இப்போது பணம் மட்டும் வருது, ஆள் வருகிறதில்லை, டவுனில் வேறு குடும்பம் வைத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கு என்று. படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மிஷின் கண்டுபிடித்தவர்கள் யாரும் இதைக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள்.

தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பல வருஷம் கென்யக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன, அதாவது நூற்றுக்கு இரண்டு குடும்பம். 1,85,000 பெண்கள் காட்டுவேலையை விட்டு வியாபாரத்துக்கு மாறினார்கள் என்பது அவர்கள் கணக்கு. அதுக்கு முன்னால் எழுதின இன்னொரு கட்டுரையில், வீட்டில் நோய் நொடி, விளைச்சல் பொய்த்தது என்று வந்தால் எம்-பெசா இல்லாத குடும்பம் வாய்க்கும் வயிற்றுக்கும் செலவைக் குறைத்தது, இருந்த குடும்பம் குறைக்கவில்லை என்று காட்டினார்கள். கஷ்டம் என்று தெரிந்ததும் நாலு பக்கத்திலிருந்தும் சொந்தம் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பியதுதான் காரணம். நூற்றுக்கு இரண்டு என்பது கேட்க சின்னதாக இருக்கும். ஒரு சிம் கார்டுப் பட்டியலுக்கு அது பெரிசு.

இனி மறுபக்கம். இந்த ஏற்பாட்டைப் பரவலானது, ஒரே இடத்தில் குவியாதது என்று புகழ்கிறார்கள். கடைகளைப் பார்த்தால் சரிதான். இன்றைக்கு அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேல் முகவர்கள், மூன்று கோடிக்கும் மேல் பயன்படுத்துகிறவர்கள். ஆனால் கணக்குப் புத்தகம் எங்கே இருந்தது? கென்யாவிலேயே இல்லை. கணக்கை வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் பல வருஷம் ஜெர்மனியில் இருந்தன. 2015இல்தான் கென்யாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மூலையில் கம்ப்யூட்டர் நின்றால் நாடு முழுக்க சந்தையில் காய்கறி வாங்கினவர் காசு கொடுக்க முடியாமல் நிற்பார். அப்படி நின்ற நாட்களும் உண்டு. நம்ம குழுவை யோசித்துப் பாருங்கள். ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மான நோட்டு எல்லாம் நம்ம தகரப் பெட்டியில். எழுதுவது நாம், வாசிப்பது நாம், தப்பிருந்தால் கண்டுபிடிப்பதும் நாம். பக்கத்து ஊர்க் குழுவின் பெட்டியில் கரையான் அரித்தாலும் நம்ம கணக்குக்கு ஒன்றும் ஆகாது. குவியாத கணக்கு என்று எதையாவது சொல்லணும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று கடன். 2012 நவம்பரில் எம்-ஷ்வாரி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். எம்-பெசா வைத்திருப்பவர் போனிலேயே சேமிக்கலாம், போனிலேயே கடன் வாங்கலாம். யாரும் ஜாமீன் வேண்டாம், கூட்டம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். முப்பது நாள் கடன், நூற்றுக்கு ஏழரை கட்டணம். வருஷத்துக்கு இல்லை, அந்த ஒரு கடனுக்கு! நாம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று உள்கடனுக்கு எவ்வளவு நேரம் விவாதம் பண்ணுகிறோம். இதைப் பார்த்து வேறு வேறு கடன் செயலிகளும் முளைத்தன. பொழுது போகாதவன் கூட ராத்திரியில் படுத்துக்கொண்டே கடன் வாங்கினான். கட்ட முடியாதவர்கள் பெயர் கடன் தவறியவர் பட்டியலில் ஏறியது, அற்பத் தொகைக்குக்கூட. 2020இல் கென்ய மத்திய வங்கியே தலையிட்டு, ஆயிரம் ஷில்லிங்குக்குக் குறைவான பாக்கிக்காக ஒருத்தர் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நம்ம குழுவில் ஒருத்தி கடன் கேட்டால் நாலு பேர் கேள்வி கேட்போம். எதுக்கு, எப்படிக் கட்டுவே, போன கடன் முடிஞ்சுதா. கேட்கும்போது கோபம் வரும். போன் எந்தக் கேள்வியும் கேட்காது.

நம்ம நாட்டிலும் எம்-பெசா வந்தது. வோடபோன் 2013இல் இங்கே ஆரம்பித்து 2019இல் மூடிவிட்டது. நம்ம ரிசர்வ் வங்கி போன் கம்பெனி கையில் பணத்தை விடாமல் வங்கியை நடுவில் வைக்கிற வழியைத்தான் எடுத்தது. வங்கிகள் வெளியே இருப்பவர்களை முகவராக வைத்துக்கொள்ளலாம் என்று 2006இலேயே வழி திறந்தது, கடைக்காரரும் நம்ம பெண்களும் முகவராக ஊரிலேயே கைரேகை வைத்துப் பணம் கொடுப்பது பிற்பாடு வந்தது. அதன் பிறகு 2014இல் ஜன்தன் கணக்கு, 2016இல் யூபிஐ. நாம் டீக்கடையில் ஸ்கேன் பண்ணுகிறோமே, அது நம்ம வங்கிக் கணக்கிலிருந்து நேராக அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பட்டன் போனிலிருந்தும் அனுப்ப 2022இல் ஒரு வழி செய்தார்கள், ஆனால் எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்துகிற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. எது நல்லது, கென்ய வழியா நம்ம வழியா என்றால், நம்ம வழியில் ஒரே கம்பெனியை நம்பி இருக்க வேண்டியதில்லை, அனுப்பக் கட்டணமும் இல்லை. அவர்கள் வழியில் மூலை முடுக்கில் இருக்கிற கடைக்காரருக்கு நல்ல கமிஷன் கிடைத்தது, அதனால் கடை நின்றது. எங்கள் பக்கம் கைரேகை மிஷின் வைத்திருந்த தங்கச்சி ஒருத்தி, கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று தையலுக்குத் திரும்பிவிட்டாள். கென்யாவிலிருந்து நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது அந்தக் கடைக்காரியின் கூலிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கென்யாவில் பெண்கள் வைத்திருக்கிற சேமிப்புக் குழுவுக்குச் சாமா என்று பெயர். நம்ம சீட்டு மாதிரி ஆளுக்கொரு முறை எடுப்பார்கள், சில சாமாக்கள் சேர்ந்து நிலம்கூட வாங்கியிருக்கின்றன. போன் வந்ததும் சாமா செத்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. சாகவில்லை. சந்தாவை எம்-பெசாவில் அனுப்புகிறார்கள், வெளியூர் போனவளும் விட்டுப்போகாமல் கட்டுகிறாள், ஆனாலும் கூடுகிறார்கள். ஃபவுலு சோதனையில் வந்த பயம் முழுக்க நிஜமாகவில்லை. ஆனால் அது கடன் கொடுக்கிற நிறுவனம் கூட்டிய கூட்டம், இது அவர்களே கூட்டிய கூட்டம். அந்த வித்தியாசம் இருக்கிறதால் நம்ம குழுவுக்கு எது பொருந்தும் என்று எனக்கு உடனே சொல்ல வரவில்லை.

எங்கள் குழுவில் இந்தப் பேச்சு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் சந்தாவையும் தவணையையும் ஜிபேயில் அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள். நூறு நாள் வேலைக்கும் ஆட்டுக்கும் போகிறவர்களுக்கு அது வசதிதான், மறுக்க முடியாது. இரண்டு பேருக்குச் சொந்தப் போன் இல்லை, மகன் போனும் கணவர் போனும்தான். அவர்கள் சந்தா அவர்கள் கையில் இருக்குமா, போன் வைத்திருப்பவர் கையில் இருக்குமா? எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா கைநாட்டு. அவருக்கு எண்ணி வைத்த நோட்டும், வாசித்துக் காட்டின பக்கமும்தான் கணக்கு. அவர் கேட்டார், பணம் போன்ல வந்துருச்சுன்னா நான் எதைப் பாத்து கைநாட்டு வைக்கிறது என்று.

மூன்று கூட்டமாகப் பேசியும் முடிவாகவில்லை. இப்போதைக்கு எழுதியிருக்கிற தீர்மானம் இவ்வளவுதான். போனில் அனுப்புகிறவர் அனுப்பட்டும், ஆனால் கூட்டத்துக்கு வர வேண்டும். வந்த செய்தியை மட்டும் நம்பாமல் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துத்தான் ரொக்கப் புத்தகத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் கென்யாவிலும் போலிச் செய்தி அனுப்பி ஏமாற்றினவர்கள் ஏராளம். எழுதினதைப் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும். போன் இல்லாத இரண்டு பேரும் நோட்டாகவே கொடுக்கலாம், அதுக்காக யாரும் முகம் சுளிக்கக்கூடாது. அந்த நோட்டை வங்கியில் கட்ட யார் பஸ் ஏறுவது என்பதை அடுத்த செவ்வாய்க்கிழமை பேசுவதாக இருக்கிறோம்.